முழங்கால் மடக்கும் தபால்காரன்

என் வீட்டுக்காரருக்கு எதையும் உடனே செய்ய வராது. செய்யவே மாட்டார் என்று சொல்லவில்லை. செய்வார், ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஆயத்தம் உண்டு. தும்மல் வந்தால்கூட மூக்கைச் சுருக்கி, கண்ணை இறுக்கி, தலையைப் பின்னால் சாய்த்துக் காத்திருப்பார். பாதி நாள் அந்தத் தும்மல் வராமலே போய்விடும்.

நான் பேருந்து ஓட்டுகிறவள். பன்னிரண்டாம் எண் வண்டி. கல்யாணத்துக்கு முன்னால் அவர் அந்த வண்டியில்தான் தினமும் வேலைக்குப் போவார். எனக்கு நேர் பின்னால் இருக்கும் முதல் இருக்கையில் உட்கார்ந்து தொண்டையைக் கனைப்பார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நான் கண்ணாடியில் பார்ப்பேன். "ஒரு நிமிஷம்" என்பார். அதற்குள் அவர் இறங்கவேண்டிய இடம் தாண்டியிருக்கும். இப்படியே இரண்டு வருடம். ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் வண்டியை அணைத்துவிட்டு நானே திரும்பிக் கேட்டேன்.

"ஏங்க, என்னைக் கல்யாணம் பண்ணிக்கணுமா, இல்ல பஸ் பாஸ் தொலைஞ்சுபோச்சா?"

"மொதல்ல சொன்னது" என்றார். அவர் வாழ்க்கையில் யோசிக்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான் என்று இன்றுவரை சொல்லிக் காட்டுகிறேன்.

அவருக்கு வேலை ஒரு வீடியோ கேம் கம்பெனியில். டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. இருபத்திரண்டு பேர், ஜன்னலெல்லாம் கறுப்புத் திரை, உள்ளே பகலா இரவா என்று தெரியாது. டிவியோடு கன்சோலை மாட்டிக் கையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறார்களே, அந்த விளையாட்டுகளைச் செய்கிறார்கள். இவர் அங்கே ஓவியர்களுக்குத் தலைவர். ஆனால் அவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. "ஒரு நிமிஷம் வந்துட்டாரா?" "ஒரு நிமிஷத்துக்கிட்ட கேட்டியா?" என்றுதான் பேச்சு. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று வருடமாக அவர்கள் ஒரே விளையாட்டைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். தண்ணீரில் மூழ்கிப் பாழாய்ப்போன ஒரு நகரம். நீளமான கோட்டுப் போட்ட ஒரு தபால்காரன் அதற்குள் ஓடி, தாவி, ஏறி, கடைசியாக மிச்சமிருக்கும் ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். இவ்வளவுதான் கதை.

முதல் வருடம் முழுக்க அந்த நகரத்தை நிஜம்போல வரைந்தார்கள். சுவரில் ஒழுகும் தண்ணீரைத் துடைக்கத் துணி தேடலாம்போல் இருந்தது. இரண்டாவது வருடம் இவருக்கு ஞானம் பிறந்தது. "நிஜம் மாதிரி எல்லாரும் பண்றாங்க. நாம நீர்வண்ணத்துல பண்ணுவோம்" என்று அத்தனையையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தார்கள். முதலாளிக்குப் பரம சந்தோஷம். அவர் படத்தைத்தான் முதலில் பார்ப்பார், விளையாட்டு அப்புறம்தான். படத்தைப் பார்க்கிறவன் பள்ளத்தில் விழுவதில்லை.

விளையாட்டின் ஆரம்பத்திலேயே ஒரு பள்ளம் வரும். தாண்டினால்தான் நகரத்துக்குள் போகமுடியும். விழுந்தால் அடியில் ஒரு மூச்சு நேரம் கிடக்கவிட்டு, மறுபடி கொண்டுவந்து கரையில் நிறுத்தும். அந்தப் பள்ளத்தின் அடியை மட்டும் வரைய இவர் நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். பாசி, உடைந்த விளக்கு, ஊறிப்போன கடித உறைகள், இன்னும் என்னென்னவோ.

"அடியில போய் யாருங்க பாக்கப்போறா?" என்று கேட்டேன்.

"விழுறவங்க பாப்பாங்க" என்றார்.

அப்புறம் தாவல். ஓடுவது, தாவுவது எல்லாம் பொத்தானை அழுத்தினால் நடக்கும்படி செய்வது அங்கே ஒரு பெண்ணின் வேலை. அவளைத் தாவல்காரி என்பார்கள். வேகமான பெண், பேசும்போது பாதி வாக்கியத்தை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். ஆனால் தாவும்போது உடம்பு எப்படி இருக்கவேண்டும் என்று வரைவது இவர் பொறுப்பு. அதற்காக எங்கள் வீட்டு சோபா மேல் ஏறி நின்று குதித்தார். நான் போனில் படம் பிடிக்கவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அறுபது குதி. கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, "மேல என்ன யானையா வளக்குறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அறுபத்தொன்றாவது குதியில் முழங்கால் பிசகி, பத்து நாள் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே வரைந்தார்.

வரைந்ததை எனக்குக் காட்டினார். தபால்காரன் தாவுவதற்கு முன் முழங்காலை மடக்குகிறான், தோள் பின்னால் போகிறது, கோட்டின் வால் தரையைத் தொடுகிறது, கண் ஒரு தடவை பள்ளத்தைப் பார்த்துப் பயப்படுகிறது, அப்புறம்தான் கால் தரையை விடுகிறது. சும்மா சொல்லக்கூடாது, அழகு. ஒரு மனுஷன் பயந்துகொண்டே துணிவதை அப்படியே பிடித்திருந்தார். அது என் வீட்டுக்காரரேதான். கோட்டு மட்டும்தான் வேறு.

கணக்கில் ஒன்று மட்டும் இடித்தது. அந்த விளையாட்டில் ஒரு நொடிக்கு முப்பது படம் ஓடும். தபால்காரன் முழங்காலை மடக்கி எழுவதற்குப் பதினேழு படம். பொத்தானை அழுத்தியபின் அரை நொடிக்கும் மேலாக ஐயா ஆயத்தம் செய்துகொண்டிருப்பார்.

விளையாட்டு முடியும் தறுவாயில், மூன்று வாரத்தில் ஒரு கண்காட்சி என்று ஏற்பாடாயிற்று. ஒரு பெரிய கம்பெனி வந்து பார்க்கும். பிடித்தால் கன்சோலில் வெளியிடுவார்கள், பிடிக்காவிட்டால் மாடியைக் காலிசெய்துகொண்டு இருபத்திரண்டு பேரும் வேறு வேலை தேடவேண்டும். முதலாளி இதை எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இவர் அன்று சாப்பிடாமலே படுத்தார். ஐம்பதை நெருங்குகிறவர், இத்தனை வருடம் மற்றவர்களின் விளையாட்டுக்கு மரமும் மேகமும் வரைந்தவர். இதுதான் அவர் முதல் சொந்த வேலை. இது போனால் இன்னொன்று வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வாரம் கன்சோலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெளியாட்களில் நான்தான் முதலில் விளையாடவேண்டுமாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தேன்.

முப்பத்தெட்டுத் தடவை விழுந்தேன். கரைக்கு வந்ததும் பொத்தானை அழுத்துகிறேன். அவன் ஓட்டத்தை நிறுத்தாமலே முழங்காலை மடக்குகிறான். மடக்கி முடிப்பதற்குள் கரை முடிந்துவிடுகிறது. போய் விழுகிறான். அடியில் பாசியும், பச்சையாக ஒரு பெரிய பாறையும். எனக்கு வந்த கோபத்தில் பாசியை யார் பார்த்தது?

"இது என்னங்க, நான் அழுத்துறேன், இவன் கேக்கமாட்டேங்குறான்?"

"கேக்குறான். கொஞ்சம் தயாராகுறான்."

"எதுக்கு? நான் பிரேக்க மிதிச்சா வண்டி 'இரும்மா, கொஞ்சம் தயாராகிக்கிறேன்'னு சொன்னா, எத்தன பேர் செத்துருப்பாங்க?"

"உனக்குக் கன்ட்ரோலர் புடிச்சுப் பழக்கமில்ல. ஆபீஸ்ல எல்லாரும் சுலபமாத் தாண்டுறாங்க. பதறாத காரியம் சிதறாது."

"பதறாமத்தான் முப்பத்தெட்டுத் தடவ சிதறியிருக்கேன்" என்று கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்துவிட்டு எழுந்துபோனேன்.

மறுநாள் ஆபீசில் போய், என் மனைவிக்கு விளையாடத் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி வேறு. எல்லோரும் சிரிக்க, தாவல்காரி மட்டும் சிரிக்கவில்லை. "சார், அக்கா எங்க விழுந்தாங்க? எந்த இடத்துல அழுத்துனாங்க?" என்று துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் எனக்கே போன் வந்தது. "அக்கா, உங்க ஷிப்ட் முடிஞ்சதும் இங்க வந்து ஒரு தடவ விழமுடியுமா?"

இந்த மாதிரி அழைப்பு எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. போனேன்.

முதலாளி, இவர், மற்றவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் வந்து கன்ட்ரோலரை வாங்கி, பேசிக்கொண்டே, திரையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் பள்ளத்தைத் தாண்டிக் காட்டினார்கள். நான் வாங்கினேன். விழுந்தேன். சிரித்தார்கள். அவர்கள் விளையாடியபோது தாவல்காரி முகத்தையும் திரையையும் விட்டுவிட்டுக் கட்டைவிரலை மட்டும் போனில் படம் பிடித்திருந்தாள். திரையில் ஓடியதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மெதுவாக ஓட்டினாள்.

ஒருவரும் கரையில் அழுத்தவில்லை. கரைக்கு நாலடி முன்னாலேயே இருபத்திரண்டு கட்டைவிரலும் இறங்கியிருந்தன. மாதக்கணக்கில் தினமும் விளையாடி, தபால்காரன் தாமதம் செய்வான் என்று அந்த விரல்கள் கற்றுக்கொண்டுவிட்டன. கை கற்றது தலைக்குத் தெரியவில்லை. தாமதமே இல்லை என்று அத்தனை பேரும் அதுவரை சொல்லிவந்தது உண்மை என்று நம்பித்தான். இருபத்திரண்டு படித்த பிள்ளைகள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், என் வீட்டுக்காரர் மூஞ்சி சுண்டிப்போயிற்று. தாவல்காரியின் கட்டைவிரலும் அதில் ஒன்று. அவள் அதையும் மறைக்காமல் காட்டினாள். அதற்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று.

"அக்கா, இப்ப இத ஆடுங்க" என்று வேறொன்றைப் போட்டாள். அதில் நகரமும் இல்லை, பாசியும் இல்லை. எல்லாம் சாம்பல் நிறக் கட்டிகள். தபால்காரனுக்குப் பதில் ஒரு சாம்பல் பெட்டி. கண்ணில்லை, காலில்லை. ஓவியர்கள் கைவைப்பதற்கு முன்னால், அளவு பார்ப்பதற்காக இவள் செய்துவைத்த முதல் வடிவம். பொத்தானை அழுத்தினேன். பெட்டி தாவிற்று. அழுத்திய அதே கணத்தில். பள்ளம் போயிற்று. அடுத்த சுவர், அதற்கடுத்த ஏணி, ஒரு ஆடும் பலகை, பிசகினால் என் தப்பு, தாண்டினால் என் சாமர்த்தியம். கொஞ்ச நேரத்தில் நான் பெட்டிக்காகக் கத்த ஆரம்பித்துவிட்டேன். "ஏறுடா, ஏறுடா" என்று.

நிமிர்ந்து பார்த்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மற்றவர்கள் கலைந்துவிட்டார்கள். இவர் மட்டும் என் பக்கவாட்டில் நின்று, திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னோடது எதையும் நீ இப்படிப் பாத்ததில்ல" என்றார்.

சமாளிக்க ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அது உண்மை. ஒரு சாம்பல் பெட்டியிடம் தோற்றுப்போன மனிதரிடம் என்ன சொல்வது?

முதலாளி மறுநாள் தன் வழக்கப்படி பொறுப்பைத் தள்ளிவிட்டார். அந்த முழங்கால்தான் விளம்பரப் படமெல்லாம். எடுப்பதா வைப்பதா என்று நீங்களே சொல்லுங்கள் என்று இவரிடமே விட்டுவிட்டார். இருபத்தொரு பேர் இவர் வாயைப் பார்த்தார்கள். இவர், "ஒரு நிமிஷம்" என்றார்.

அந்த ஒரு நிமிஷம் ஆறு நாள் ஓடியது. ஒரு நாள் பதினேழைப் பதினைந்தாக்கிப் பார்த்தேன் என்றார். இன்னொரு நாள், ஜனங்களுக்கு ரசனை இல்லை என்றார். தன் முழங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பிடரியில் ஒன்று போடவேண்டும்போலவும் இருந்தது. காலையில் அவர் வழக்கமாகப் போகும் சைக்கிளை எடுக்காமல் என் வண்டியில் ஏறி, பழைய இடத்தில், எனக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தார்.

ஏழாம் நாள் காலை. டயர் கடைக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், சாலையின் நட்டநடுவில் ஒரு நாய் நின்று எதையோ யோசித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போவதா, இந்தப் பக்கம் போவதா என்று அதற்கும் முடிவாகவில்லை. வளைவு திரும்பியதும்தான் எனக்குத் தெரிந்தது. வண்டி நின்றது. நாய்க்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்தான். நாய் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து காதைச் சொறிந்தது.

பின்னாலிருந்து இவர் குரல். "நீ மிதிச்சத நான் பாக்கவே இல்ல. நின்னதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது."

"அதுக்குப் பேர்தான் பிரேக்கு" என்றேன். நாய்மேல் உள்ள கோபத்தை அவர்மேல் காட்டினேன். "நானும் உங்கள மாதிரி யோசிச்சிருந்தா அது இந்நேரம் போய்ச் சேந்திருக்கும்."

அவருக்கு உட்கார்ந்திருக்கப் பொறுக்கவில்லை. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன், மிச்ச தூரத்தை ஓடிக்கொண்டிருந்தார். பிசகின முழங்காலோடு, நொண்டிக்கொண்டு, ஆனால் ஓட்டம்தான். போனவர் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பதினேழு படத்தையும் அழித்தார் என்று தாவல்காரி பிறகு சொன்னாள்.

கண்காட்சி ஒரு வாடகை மண்டபத்தில். எனக்கு அன்று விடுப்பு. பெரிய கம்பெனியிலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வந்திருந்தார். முதலாளி புதுச் சட்டையில் முன்னால் வந்து, தானே ஆடிக் காட்டுவதாகக் கன்ட்ரோலரை எடுத்தார். தபால்காரன் ஓடினான். முதலாளியின் கட்டைவிரல் பதற்றத்தில் பழைய ஞாபகத்துக்குப் போய், நாலடி முன்னாலேயே அழுத்திற்று. இவன் இப்போது சொன்னதைக் கேட்கிறவன், அங்கேயே தாவினான். பள்ளத்தின் நடுவில் போய் விழுந்தான். முதலாளி அசடு வழியச் சிரித்து மறுபடி ஆடினார். மறுபடி விழுந்தார். தாவல்காரி ஓடிவந்து வாங்கினாள். அவளும் விழுந்தாள். அடுத்து என் வீட்டுக்காரர். கேட்கவேண்டுமா? செய்தவர்கள் வரிசையாக வந்து, செய்த பள்ளத்தில் வரிசையாக விழுந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை. மூன்று வருட உழைப்பு ஒரு பள்ளத்தில் போகிறதே என்று இருந்தது எனக்கு.

"குடுங்க, நான் பாக்குறேன்" என்று அந்த அம்மாள் வாங்கினார். கரைவரை வந்தார், அழுத்தினார், தாண்டினார். திரும்பிக்கூடப் பார்க்காமல் நகரத்துக்குள் போனார். முதலாளி ஏதோ விளக்க வாயெடுத்தபோது, "கொஞ்சம் பேசாம இருங்க" என்றார். அரைமணி நேரம் கழித்து அவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்தபோது அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது. வரிசையில் வந்தவர்கள் எல்லோரும் தாண்டினார்கள். மாடி தப்பித்தது.

விளையாட்டு வெளிவந்தது. பத்திரிகைகளில் எழுதினார்கள். தாவல் பிரமாதம், கையோடு ஒட்டிக்கொள்கிறது என்றார்கள். படங்களும் நன்று என்று கடைசி வரியில் ஒருவர். முழங்காலைப் பற்றி எழுத இப்போது அதில் முழங்காலே இல்லை. இவர் அதையெல்லாம் ஒரு தடவை படித்து மடித்துவைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவில் உட்கார்ந்து அவரே ஆடிக்கொண்டிருந்தார். விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். அந்தப் பள்ளத்தில் இனி விழுகிறவர்கள் இருபத்திரண்டு பேர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு மாத வேலை. வரைந்தவரைத் தவிரப் பார்க்க ஆளில்லை.

"குடுங்க இங்க" என்று வாங்கினேன். எனக்கு அது இப்போது கண்ணை மூடிக்கொண்டே தாண்டுகிற பள்ளம். கரைக்கு வந்தேன். அழுத்தவில்லை. போய் விழட்டும் என்று விட்டேன்.

முப்பத்தெட்டுத் தடவை திட்டிக்கொண்டே விழுந்த இடத்தை அன்றுதான் பார்த்தேன். நான் பாறை என்று நினைத்தது பாறை இல்லை. ஒரு பேருந்து. பாசி மூடி, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. நெற்றியில் பன்னிரண்டு. இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு விரிசல், என் பழைய வண்டியில் இருந்த அதே விரிசல். உள்ளே எல்லாம் இருட்டு. டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் மட்டும் சின்னதாக ஒரு வெளிச்சம். ஒரு மூச்சு நேரம்தான். திரை மறுபடி என்னைக் கரையில் நிறுத்திவிட்டது.

கண் நிறைந்துவிட்டது. மறைக்கத் தெரியாமல் சிடுசிடுத்தேன். "இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் என்னைப் பார்த்தார். தோள் கொஞ்சம் பின்னால் போயிற்று. தொண்டையைக் கனைத்தார். நான் காத்திருந்தேன், பதினேழு படம் என்ன, எழுபது ஓடியிருக்கும்.

"நீ விழும்போது பாப்பேன்னு நெனச்சேன்" என்றார்.

விழுகிறவள் எங்கேயாவது சுற்றிப் பார்த்துக்கொண்டு விழுவாளா? கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுக்காமல் மறுபடியும் போய் விழுந்தேன்.